குளிகையும் கணக்கும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா அரசாங்க வைத்தியசாலைகள் இலவசமாக வழங்கும் பொதுப்பெயர்க் குளிகை, பெயர்பெற்ற கம்பனியின் குளிகைக்கு ஈடாகாதென்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. கையிற் காசில்லாதவரும் கடன்பட்டு மருந்துக்கடையை நாடக் காண்கிறோம்.

படித்தவர் இதற்குக் காட்டும் சான்று, 80 முதல் 125 சதவீதம் வரை என்னும் விதி. மருந்து இருபது சதவீதம் குறைந்தாலும் ஏற்பர் என்று அதற்குப் பொருள் கூறுகின்றனர். அது தவறு. சுகதேகிகள் சிலருக்கு இரு குளிகைகளையும் வெவ்வேறு தவணையிற் கொடுத்து, இரத்தத்திற் சேரும் மருந்தின் உச்ச அளவையும் மொத்த அளவையும் ஒப்பிடுவர். சராசரி விகிதம் மாத்திரம் போதாது. சிலரையே சோதித்தமையால் எழும் ஐயத்தையுங் கணித்து, 90 சதவீத நம்பிக்கை எல்லைகள் இரண்டும் அவ்விதிக்குள் அடங்கவேண்டும். ஆகவே சராசரி 85இல் நிற்கும் குளிகை பெரும்பாலுந் தோற்றுவிடும். (125 என்பது 80இன் தலைகீழ், விகிதமாதலின் இவ்வாறாயிற்று.) அமெரிக்காவில் 1996 முதல் 2007 வரையான 2,070 ஆய்வுகளில் மொத்த அளவின் சராசரி வேறுபாடு 3.56 சதவீதமே.

1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் செனக பிபிலே பொதுப்பெயர் மருந்தை வற்புறுத்தியது வீணன்று. ஆயினும் ஆய்வு சோதித்த தொகுதிக்கே சான்று. பின்வரும் ஒவ்வொரு தொகுதியையும் பரிசோதித்தல் வேண்டும். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அவ்விரு கணக்குகளையும் தமிழில் எழுதி, வன்னி வைத்தியசாலைகளின் மருந்து வழங்குமிடத்திலே தொங்கவிடுமாறு கேட்கிறோம்.