கட்டுப்படியாகும் ஊர் யாருக்கு? சென்னைப் பெருநகரின் வாடகையும் சாதியும்

சென்னை நகருக்குள் வாடகை தாங்காது என்பதால் புறநகரை நோக்கி நகர்வது உழைக்கும் மக்களின் பொது அனுபவமாகிவிட்டது. தெற்கே கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், செங்கல்பட்டு. மேற்கே ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர். வடக்கே மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி எனப் புறநகர் இரயில் செல்லும் திசையெல்லாம் குறைந்த வாடகையைத் தேடிக் குடும்பங்கள் செல்கின்றன. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. இவ்வளவு பரந்த நிலப்பரப்பில் ‘எந்த ஊர் நமக்குக் கட்டுப்படியாகும்?’ என்ற கேள்விக்கு, வாடகை, முன்பணம், பயணச் செலவு ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்றே பொதுவாக நம்பப்படுகிறது.

தலித் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு அத்துடன் முடிவதில்லை. கையில் வாடகைப் பணம் இருந்தாலும் வீடு கிடைக்குமா என்ற நான்காவது கேள்வி எஞ்சி நிற்கிறது. மலிவான ஊர்களின் பட்டியலிலிருந்து பல தெருக்களைச் சாதி முன்கூட்டியே நீக்கிவிடுகிறது. இதை எதிர்கொள்ளத் தக்க சட்டப் பிரிவு 1955 முதலே நம்மிடம் உள்ளது. அதை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

பிரிப்பது பணமா, சாதியா?

நகரம் சாதியைக் கரைத்துவிடும், பணமுள்ளவர் எங்கும் குடியேறலாம் என்பது பழைய வாதம். 2012இல் எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி இதழில் ட்ரினா விதயத்தில், காயத்ரி சிங் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இந்த வாதத்தை மறுத்தது. இந்தியாவின் ஏழு பெருநகரங்களின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவுகளை ஆராய்ந்த அவர்கள், பொருளாதார நிலையால் ஏற்படும் குடியிருப்புப் பிரிவினையைவிடச் சாதியால் ஏற்படும் பிரிவினையே பெரிது என்று கண்டனர். பணம் மட்டுமே மக்களைப் பிரிக்கிறது என்றால் இந்த முடிவு வந்திருக்க முடியாது.

தில்லியையும் அதன் துணை நகரங்களையும் களமாகக் கொண்டு சுக்தேவ் தோரட் குழுவினர் நடத்திய ஆய்வு 2015இல் அதே இதழில் வெளிவந்தது. வாடகை வீடு கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களுள் ஆதிக்கச் சாதிப் பெயருடையோர் ஏறக்குறைய அனைவருக்கும் சாதகமான பதில் கிடைத்தது. தலித் பெயருடையோருள் சுமார் 40 விழுக்காட்டினர் மறுப்பையோ கூடுதல் நிபந்தனையையோ சந்தித்தனர். முஸ்லிம்களின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. நொய்டா, காசியாபாத், ஃபரிதாபாத் போன்ற, தில்லியின் வாடகைக்கு மாற்றாகச் சொல்லப்படும் ஊர்களும் இந்த ஆய்வில் அடங்கும்.

இது புதிய செய்தியும் அன்று. 1917இல், கொலம்பியாவிலும் இலண்டனிலும் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பரோடா அரசின் உயர் பணியில் சேர்ந்தார். ஊதியம் இருந்தது, தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கியவரை, அடையாளம் தெரிந்ததும் தடிகளுடன் வந்த கூட்டம் வெளியேற்றியது.

மறுப்புக்கு ஒரு விலை உண்டு

‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று நேராகக் கேட்கும் வீட்டு உரிமையாளர்கள் இன்றும் உள்ளனர். மற்றவர்கள் சொந்த ஊரையும் தெருவையும் கேட்பார்கள்; குலதெய்வத்தைக் கேட்பார்கள்; ‘சைவம் மட்டும்’ என்று பலகை வைப்பார்கள். இறுதியில், ‘நேற்றே வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்’ என்ற சொல்லோடு கதவு சாத்தப்படும்.

இந்த மறுப்பு தன்மானத்தைக் காயப்படுத்துவதோடு பொருளாதார இழப்பையும் ஏற்படுத்துகிறது. பத்து வீடுகள் காலியாக இருக்கும் தெருவில் இரண்டு மட்டுமே கிடைக்கும் என்றால், பேரம் பேசும் வலிமை குடியேறுபவரிடம் இருப்பதில்லை. தண்ணீர் வசதியற்ற வீட்டுக்கும் கேட்ட வாடகையைக் கொடுக்க வேண்டும்; இல்லையேல் இரயில் நிலையத்திலிருந்து இன்னும் தொலைவான இடத்துக்குச் செல்ல வேண்டும். சென்னையில் பத்து மாத முன்பணம் கேட்பது நீண்டகால வழக்கம். 8,000 ரூபாய் வாடகைக்கு 80,000 ரூபாய் முன்பணம். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாகக் குறிப்பிடுகிறது; ஆனால் வேறுவிதமான ஒப்பந்தம் இருந்தால் அந்த வரம்பு பொருந்தாது என்கிறது. பேரம் பேச முடியாதவருக்கு அந்த வரம்பால் பயனில்லை. சாதியைக் காரணம் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவும் அந்தச் சட்டத்தில் இல்லை.

அரசு காட்டிய ‘மலிவான’ இடம்

தனியார் சந்தை கதவடைக்கும்போது அரசு என்ன செய்தது? 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் முதலில் நகருக்குள்ளேயே அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. 2000க்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென்விளிம்புக்கு மக்களைக் கொண்டுசென்றது. பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டவர்களில் தலித் மக்கள் பெருமளவினர். வீட்டுவேலை, சுமைப்பணி, தெருவோர வணிகம் ஆகியவை பழைய இடத்தில் இருக்க, வீடு மட்டும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் சென்றது. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான தொலைவு மாறவில்லை.

1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வேலைக்கு அருகில் வாழ்வது வாழ்வாதாரத்தோடு பிணைந்தது என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. எனினும் நடைபாதைவாசிகளை அகற்றுவதை அது முற்றாகத் தடுக்கவில்லை. சமேலி சிங் வழக்கில் 1995 இறுதியில் அளித்த தீர்ப்பில், உறைவிட உரிமை என்பது தலைக்கு மேல் கூரை மட்டுமன்று, சாலை உள்ளிட்ட வசதிகளோடு கண்ணியமாக வாழும் இடம் என்று கூறியது. அந்த வழக்கே தலித் மக்களுக்கு வீடு கட்ட நிலம் எடுத்ததைப் பற்றியது.

பயன்படாமல் கிடக்கும் பிரிவு

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கூறு கடை, உணவகம், விடுதி ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது; வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் கூறு தனிநபர்களையும் கட்டுப்படுத்தும். அதை நடைமுறைப்படுத்தவே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955 இயற்றப்பட்டது. அதன் 4ஆம் பிரிவின் எட்டாம் உட்பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு இடத்தைக் கட்டுவது, பெறுவது, அதில் குடியிருப்பது ஆகியவற்றில் தீண்டாமையின் பேரில் தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. பாகுபாடு காட்டுவதும் இதில் அடங்கும் என்று அப்பிரிவின் விளக்கம் கூறுகிறது.

12ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. குற்றமாகக் கருதத்தக்க செயல் பட்டியல் சாதியைச் சேர்ந்தவருக்கு எதிராக நிகழ்ந்தால், அது தீண்டாமையின் பேரிலேயே நிகழ்ந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிரியுடையது. 10ஆம் பிரிவின்படி குற்றத்துக்கு உடந்தையாகும் தரகரும், விசாரணையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரும் தண்டனைக்கு உரியவர்களே. குறைகளும் உண்டு. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையிலான சிறை. அதோடு விதிக்கும் அபராதம் 500 ரூபாயைத் தாண்டாது. 12ஆம் பிரிவின் அனுமானம், பட்டியல் சாதித் தகுதி மறுக்கப்பட்ட தலித் கிறித்தவர்களுக்கு எட்டுவதில்லை.

செய்ய வேண்டியவை

மறுப்பை நிறுவச் சான்று வேண்டும். உரையாடல் பதிவுகள், குறுஞ்செய்திகள், விளம்பரத்தின் படம், தேதி, நேரம் ஆகியவற்றைக் காத்து வையுங்கள். ‘வீடு போய்விட்டது’ என்ற பதில் வந்தால், வேறு சமூகத்தைச் சேர்ந்த நண்பர் அதே வீட்டை அதே நாளில் கேட்டுப் பார்க்கட்டும். தில்லி ஆய்வு இதுபோன்ற ஒப்பீட்டைத்தான் பெரிய அளவில் செய்தது. கல்லூரி மாணவர் குழுக்கள் தம் ஊரில் சிறிய அளவில் செய்யலாம். புகாரை எழுத்தில் கொடுத்து, 4, 10, 12ஆம் பிரிவுகளைக் குறிப்பிட்டு, ஏற்புச் சீட்டுப் பெறுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. வாடகைச் சட்டத்தில் சாதி, மத அடிப்படையிலான மறுப்பைத் தடைசெய்யும் பிரிவு வேண்டும். முன்பண வரம்பிலிருந்து ‘வேறுவிதமான ஒப்பந்தம்’ என்ற விலக்கை நீக்க வேண்டும். விரிவாக்கப்பட்ட பெருநகரப் பகுதிக்குத் திட்டமிடும்போது, இரயில் நிலையங்களுக்கு நடந்து செல்லும் தொலைவில் பொது வாடகைக் குடியிருப்புகள் அமைக்க வேண்டும். இவை நிறைவேறும் வரை, கட்டுப்படியாகும் ஊர் எது என்று எவர் பட்டியலிட்டாலும், அங்கே யாருக்கு வீடு கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை அவர்களிடம் நாம் கேட்டாக வேண்டும்.