தோற்கும் உரிமை அவளுக்கும் உண்டு

2014-ல் சோனி பிக்சர்ஸ் நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் திருடிய மின்னஞ்சல்களில் ஒன்று, மார்வெல் என்டர்டெயின்மென்டின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஐக் பெர்ல்மட்டர் எழுதியது. பெண்ணை நாயகியாக வைத்து எடுத்து விழுந்துபோன படங்களுக்கு உதாரணமாக 'எலக்ட்ரா', 'கேட்வுமன்', 'சூப்பர்கேர்ள்' மூன்றையும் அதில் அடுக்கியிருந்தார். 'சூப்பர்கேர்ள்' வந்த வருடம் 1984. முப்பது வருடப் பழைய தோல்வியையும் கணக்கில் வைத்திருந்தார்கள்.

அந்த மின்னஞ்சலுக்கு இரண்டு வருடம் முன்பு, 2012-ல், செவ்வாய் கிரகத்தில் நடக்கும் 'ஜான் கார்ட்டர்' படத்தில் 20 கோடி டாலர் அளவுக்கு நஷ்டம் வரும் என்று டிஸ்னி நிறுவனமே அறிவித்தது. அதன் நாயகன் டெய்லர் கிட்ச், அதே ஆண்டில் வேற்றுக்கிரகவாசிகளோடு மோதிய 'பேட்டில்ஷிப்' படமும் கவிழ்ந்தது. இனி ஆண் நாயகர்களை நம்பி அறிவியல் புனைவு எடுக்கக் கூடாது என்று யாராவது பட்டியல் போட்டார்களா? விளம்பரம் சரியில்லை, செலவு எல்லை மீறியது, கதை மனதில் ஒட்டவில்லை என்றுதான் பேசினார்கள். அப்படித்தான் பேச வேண்டும். பெண் நாயகியின் படம் விழும்போது மட்டும் அந்த நியாயம் எங்கே போகிறது?

தியேட்டர் ஆபரேட்டராகப் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பெட்டி திரும்பிப் போகும் நாளில் கேன்டீன்காரரிலிருந்து விநியோகஸ்தர் வரை ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பரீட்சை நேரம், விடாத மழை, இரண்டாம் பாதி இழுவை. ஹீரோ ஆண் என்பதால் படம் போச்சு என்று ஒருவர் வாயிலும் வந்ததில்லை.

'டெர்மினேட்டர் 2' ஓட்டிய நாட்களில், கேபின் துவாரம் வழியே ஒரு காட்சியைத் தவறாமல் பார்ப்பேன். மனநல மருத்துவமனையின் பூட்டிய அறை. கட்டிலை நிமிர்த்தி வைத்து, அதைப் பிடித்துத் தொங்கியபடி உடம்பை மேலே இழுத்துக்கொண்டிருக்கிறாள் சாரா கானர். வியர்வையில் நனைந்த தோளும் முறுக்கேறிய கையும் திரையை நிறைக்கும்போது முன்வரிசையிலிருந்து விசில் பறக்கும். பெரும்பாலும் மூட்டை தூக்கும் தொழிலாளிகள் அடித்த விசில் அது. உடம்பை வருத்தி உழைப்பதன் அர்த்தம் அவர்களுக்குத் தெரியும். பெண் முன்னால் நின்றால் ஆண்கள் படம் பார்க்க மாட்டார்கள் என்ற பேச்சை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

அவளுக்கும் முன்னோடி, 1979-ல் வந்த 'ஏலியன்' படத்தின் ரிப்ளி. கதாபாத்திரங்களை ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் நடிக்கலாம் என்று திரைக்கதையிலேயே குறிப்பு இருந்தது. சிகோர்னி வீவர் ரிப்ளியாக வந்து நின்றார். முகத்தில் ஒரு ஜந்து கவ்விய நிலையில் சக ஊழியரை விண்கப்பல் வாசலுக்குத் தூக்கி வருகிறார்கள். திறக்கச் சொல்லி கேப்டன் உத்தரவிடுகிறார். 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்பது விதி, திறக்க முடியாது என்கிறாள் ரிப்ளி. அவளை மீறி இன்னொருவன் கதவைத் திறக்கிறான். ஏழு பேரில் கடைசியில் மிஞ்சுவது அவள் மட்டும். அவள் துப்பாக்கி தூக்குவதற்கு வெகு முன்பே, வேலையைச் சரியாகச் செய்த இந்த இடத்தில் நாயகி ஆகிவிடுகிறாள். எழுதினால் இப்படி எழுத வேண்டும்.

வசூல்தான் வாதம் என்றால் அதற்கும் பதில் இருக்கிறது. சாண்ட்ரா புல்லக் விண்வெளியில் தனியாகத் தவித்த 'கிராவிட்டி' 70 கோடி டாலரைத் தாண்டியது. ரே என்ற பெண்ணை மையமாக வைத்த 'ஸ்டார் வார்ஸ்: தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' 200 கோடியைத் தாண்டியது. ஆனால் 2023-ல் நாயகிகளை முன்னிறுத்திய 'தி மார்வெல்ஸ்' சறுக்கியதும் பழைய பல்லவியை மறுபடி எடுத்துவிட்டார்கள். இவர்கள் கணக்கில் வெற்றியெல்லாம் விதிவிலக்கு, தோல்வி மட்டும்தான் விதி.

பயிற்சியே இல்லாமல் ரேக்கு எல்லாம் கைவருகிறது என்ற குறை, எழுத்தைப் பற்றிய குறை. தாராளமாகப் பேசலாம். ஆனால் 1999-ல் வந்த அதே வரிசைப் படத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் அனகின் எதிரியின் கப்பலையே தகர்த்தபோதும் இதே குரலில் கேட்டிருக்க வேண்டும். 'தி லாஸ்ட் ஜெடை'யில் நடித்த கெல்லி மேரி டிரானை 2018-ல் இன்ஸ்டாகிராமை விட்டே விலகும் அளவுக்கு வசைபாடியதற்கு விமர்சனம் என்று பெயர் வைக்க முடியாது. அது வன்மம்.

தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நாயகியைப் போஸ்டரில் பெரிதாகப் போட்டுவிட்டுக் கதையில் வேலை கொடுக்காமல் விடாதீர்கள். அவள் பயப்படட்டும், தப்புக் கணக்குப் போடட்டும், அதிலிருந்து மீளட்டும். அப்படி எடுத்தும் ஒரு படம் விழுந்தால், திரைக்கதையையும் பட்ஜெட்டையும் வெளியீட்டுத் தேதியையும் அலசுங்கள். டெய்லர் கிட்சுக்கு அடுத்து எத்தனையோ நாயகர்களுக்குப் பணம் போட்டீர்கள். அடுத்த நாயகிக்கும் அதே தயக்கமின்மையோடு போடுங்கள்.