ஸ்கைலரை ஏன் வெறுத்தார்கள்?

‘பிரேக்கிங் பேட்’ தொடரின் நாயகன் வால்டர் வைட், தன் காரியம் நடக்க வேண்டும் என்பதற்காக ஒரு சிறுவனுக்கு விஷம் வைக்கிறான். கூட்டாளியின் காதலி போதை மயக்கத்தில் வாந்தியெடுத்து மூச்சுத் திணறிச் சாகிறாள். கையை நீட்டினால் காப்பாற்றிவிடலாம் என்கிற தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் மனைவி ஸ்கைலர், கணவன் போதைப்பொருள் காய்ச்சுகிறான் என்று தெரிந்த பிறகு, தன் முதலாளியோடு உறவு வைத்துக்கொள்கிறாள். அதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். இந்த மூன்றில் ஏராளமான ரசிகர்களால் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனது மூன்றாவதுதான்.

2008 முதல் 2013 வரை அமெரிக்காவில் ஐந்து சீசன்களாக, 62 எபிசோடுகளாக ஒளிபரப்பான தொடர் இது. ஸ்கைலரின் மேல் எழுந்த வெறுப்பு, அந்தப் பாத்திரத்தில் நடித்த அன்னா கன் மேலும் பாய்ந்தது. அவரைக் கொல்வதற்கு எங்கே தேடிப் போகலாம் என்று ஒருவர் கேட்கிற அளவுக்கு அது முற்றியது. 2013 ஆகஸ்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் அவரே இதைப் பற்றி எழுதினார். பெண்கள், மனைவிகள் எப்படி இருக்க வேண்டும் என்று பார்வையாளர்கள் மனதில் கிடக்கும் எண்ணங்களே இந்த வெறுப்பாக வெளிவருகின்றன என்பது அவர் வந்துசேர்ந்த முடிவு. அடுத்த மாதமே அந்தப் பாத்திரத்துக்காக எம்மி விருது பெற்றார்.

ரசிகர்களின் அபிப்பிராயங்களைத் துச்சமாக நினைக்கிற கூட்டத்தில் நாம் இல்லை. இந்தத் தொடரை அவர்கள் பார்த்த விதம், பல இலக்கிய விமர்சகர்களுக்கும் வாய்க்காத உன்னிப்பு கொண்டது. இரண்டாம் சீசனில் நான்கு எபிசோடுகளின் தலைப்புகளைச் சேர்த்துப் படித்தால், ஆல்புகர்க்கி நகரின் மேல் 737 ரக விமானம் விழப்போகிறது என்ற செய்தி கிடைக்கும். கண்டுபிடித்தார்கள். வால்டர் முதலில் தன் கையால் கொன்றவன், ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டுச் சாப்பிடுகிற பழக்கம் உள்ளவன்; பிறகொரு நாள் வால்டரும் ஓரத்தை வெட்டித் தின்கிறான். அதையும் கவனித்தார்கள். கொலைகாரனுக்குள் கொலையுண்டவன் குடியேறுவதைப் பற்றி அவர்கள் எழுதியவை அருமையான வாசிப்புகள். அத்தனை கூர்மையான கண்கள், வால்டரின் வீட்டுக்குள்ளேயே பயத்தில் உறைந்து நின்ற ஒரு பெண்ணை எப்படித் தவறவிட்டன?

நான்காம் சீசனில் ஒரு காட்சி. கணவனுக்கு ஆபத்து என்று பதறுகிறாள் ஸ்கைலர். வால்டருக்குச் சுரீரென்கிறது. ஆபத்தே நான்தான், கதவைத் தட்டி வருகிறவனே நான்தான் என்ற பொருளில் அவளிடம் சீறுகிறான். அந்த வசனம் சட்டைகளில் அச்சாகி உலகம் முழுக்க விற்றது. அது ஒரு வீரனின் முழக்கமாகவே நினைவில் நின்றுவிட்டது. அவன் யாரிடம் அதைச் சொன்னான்? எதிரியிடம் அல்ல, படுக்கையறையில், தன் குழந்தைகளின் தாயிடம். அதைக் கேட்டு வெளிறிப்போகிற அவள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரில் மாநில எல்லைவரை போகிறாள். அங்கே நின்று காசைச் சுண்டிப்போட்டுப் பார்க்கிறாள். காசு சொல்கிற வழியை மீறி வீட்டுக்கே திரும்புகிறாள். குடும்பத்தைக் காக்கிறவனிடமிருந்து இந்தக் குடும்பத்தை யாராவது காக்க வேண்டும் என்கிறாள். தொடர் முழுவதிலும் ஒலித்த மிகத் தெளிவான வாசகம் இதுவே என்போம். சட்டையில் அச்சாகும் பேறு அதற்குக் கிடைக்கவில்லை.

ஆணாதிக்க மனம் என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் கதைசொல்லலின் பங்கை விட்டுவிட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். முதல் எபிசோடிலேயே வால்டருக்கு மரணத்தேதி குறிக்கப்பட்டுவிடுகிறது. பள்ளியில் வேதியியல் கற்பித்துவிட்டு, மாலையில் கார் கழுவும் கடையில் தன் மாணவனின் காரையே துடைக்க நேர்கிற ஐம்பது வயது மனிதன் அவன். அவன் அவமானத்தை முதலில் நாம் அனுபவிக்கிறோம். பிறகு அவன் வெற்றி நம் வெற்றியாகிவிடுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்கிற பசி அவன் குற்றத்தால்தான் தீர்கிறது. அந்தப் பசிக்கு நடுவே வந்து, “எங்கே போயிருந்தாய்?” என்று கேட்கிறவள் ஸ்கைலர். நியாயமான எந்த மனைவியும் கேட்கிற கேள்வி. கதை அவளைக் கதைக்கே முட்டுக்கட்டையாக நிறுத்திவிட்டது. தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் பல ஆண்டுகள் கழித்து இதை ஒப்புக்கொண்டார். வால்டர் இல்லாத காட்சிகளும் அவன் கண் வழியாகவே சொல்லப்பட்டன, தராசு முதலிலேயே சாய்ந்திருந்தது, பரம எதிரியான கஸ் கூட ஸ்கைலர் அளவுக்கு வெறுக்கப்படவில்லை என்றார்.

நாயகன் என்ன செய்தாலும் பார்வையாளர்கள் அவன் பக்கமே நிற்பார்கள் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். 1999இல் ‘தி சோப்ரானோஸ்’ தொடரின் ஐந்தாவது எபிசோடில் அதன் நாயகன் டோனி ஒருவனைக் கழுத்தை நெரித்துக் கொல்ல வேண்டியிருந்தது. பார்வையாளர்கள் அவனைக் கைவிட்டுவிடுவார்கள் என்று தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ நிர்வாகம் அஞ்சியது. ஒருவரும் கைவிடவில்லை.

‘பிரேக்கிங் பேட்’ எழுத்தாளர்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. கடைசிக்கு முந்தைய எபிசோடுகளில் ஒன்றான ‘ஓசிமாண்டியாஸ்’ 2013 செப்டம்பரில் வந்தது. போலீஸ் ஒட்டுக்கேட்கிறது என்று தெரிந்தே வால்டர் மனைவிக்குத் தொலைபேசுகிறான். நச்சரிப்பவள், நன்றிகெட்டவள், என் வழியில் குறுக்கே நிற்பவள் என்று பொரிந்து தள்ளுகிறான். அவளைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் நாடகம் அது. பேசும்போது அவன் அழுதுகொண்டிருக்கிறான். அவன் வாயில் வந்த வசைகள், அதுவரை ரசிகர்கள் ஸ்கைலருக்குச் சூட்டிவந்தவையே. பார்வையாளரின் குரலை எடுத்து அவர்கள் காதிலேயே ஒலிக்கவிட்டார்கள். அப்போதும் ‘நல்லாக் கேட்டான்’ என்று மகிழ்ந்தவர்கள் இருந்தார்கள்.

2025 பிப்ரவரியில் எழுத்தாளர் சங்க விருதைப் பெற்றுக்கொண்ட கில்லிகன், இனி நல்லவர்களைப் பற்றி நிறைய எழுதுவோம் என்று சக எழுத்தாளர்களைக் கேட்டுக்கொண்டார். அவர் மனவருத்தம் புரிகிறது. தீர்வை நம்மால் ஏற்க முடியவில்லை. நல்லவன் நாயகனானாலும் கதை அவன் ஒருவன் கண்ணிலேயே தங்கினால், அவனுக்குக் குறுக்கே நிற்கிற மனைவிக்கு இதே கதிதான்.

மாற்று வழியை அவரும் பீட்டர் கூல்டும் ‘பெட்டர் கால் சால்’ தொடரிலேயே காட்டியிருக்கிறார்கள். அதே ஊர், அதே இருட்டு. ஆனால் அதில் வரும் கிம் வெக்ஸ்லருக்கு அவளுக்கென்று வேலை, ஆசை, தனியே சிகரெட் பிடிக்கிற நேரம் எல்லாம் இருந்தன. குற்றத்தின் ருசியும் இருந்தது. ரசிகர்கள் அவளை வெறுக்கவில்லை. அவளுக்கு என்ன ஆகுமோ என்று கடைசி சீசன்வரை பதறினார்கள். தன் விளையாட்டின் விளைவாகச் செத்துப்போன ஹோவர்ட் என்பவனின் மனைவியைத் தேடிப்போய், நடந்ததை எழுத்தில் கொடுக்கிறாள் கிம். அதுவரை கதையின் ஓரத்தில் நின்ற அந்தப் பெண், படித்துவிட்டுக் கேள்வி கேட்கிறாள். அவளுக்கு முழுதாக ஒரு காட்சி ஒதுக்கப்படுகிறது. இருண்ட கதைகளை எழுதுகிறவர்களிடம் நாம் கேட்பது அந்தக் காட்சியைத்தான். அவற்றைப் பற்றி எழுதுகிறவர்களும், அடுத்த கட்டுரையை ஓரத்தில் நிற்கிற அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும்.