கடைசி பெஞ்சு வரை நடந்து வாருங்கள்

களமருதூர்ப் பக்கம் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பகத்தில் ஒருநாள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தோம். "உங்க வகுப்பறையை வரையுங்க. யார் எங்க உட்கார்றாங்கன்னு பேர் எழுதுங்க. பாடம் நடத்தும்போது சாரோ டீச்சரோ எங்கெல்லாம் நடப்பாங்களோ, அதைச் சிவப்புப் பேனாவுல கோடு போட்டுக் காட்டுங்க" என்றோம்.

வந்திருந்தவர்கள் நான்கைந்து பள்ளிகளில் படிக்கிறவர்கள். ஆனாலும் பெரும்பாலான தாள்களில் சிவப்புக் கோடு ஒரே மாதிரி இருந்தது. வாசலிலிருந்து மேசை, மேசையிலிருந்து கரும்பலகை, திரும்ப மேசை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பின்சுவரை ஒட்டி நான்கு கட்டம் போட்டிருந்தாள். கோடு அந்தப் பக்கமே போகவில்லை. ஏன் என்று கேட்டோம். "சார் அங்க வர மாட்டாருக்கா. நோட்டை லீடர்கிட்ட கொடுத்து அனுப்பணும்" என்றாள். அந்த நான்கு கட்டத்தில் இருந்த பெயர்களைப் படித்தோம். மூன்று பேர் எங்கள் தெருப் பிள்ளைகள். நாலாவது, இருளர் குடியிருப்பிலிருந்து வருகிற பையன்.

பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரு வாத்தியாரைப் பிடித்து மாற்றல் கொடுத்துவிட்டால் தீர்ந்துபோகிற சங்கதி இல்லை இது. அந்த சார் நல்லவராகவும் இருக்கலாம். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டார். யோசிக்காமலே நடந்துவிடுகிறது என்பதுதான் நம் புகார்.

ஆசிரியர் வகுப்பில் நடமாட வேண்டும் என்பதை பி.எட். பாடத்தில் 'வகுப்பறை மேலாண்மை' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். தூங்குகிறவனை எழுப்ப, பேசுகிறவனை அடக்க ஒரு உத்தி என்ற அளவில் சரி. ஆனால் 1970இலேயே ஆடம்ஸ், பிடில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வகுப்பறைகளைப் படம் பிடித்து ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார்கள். ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடக்கிற பேச்சில் பெரும்பகுதி முன்வரிசையிலும் நடுவரிசையிலும் இருப்பவர்களோடுதான் நடக்கிறது. ஓரத்தில் இருப்பவர் பார்வையாளர். ஆசிரியர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் பாடம் நடக்கிறது என்று நம் மொழியில் சொல்லலாம்.

அவர்கள் ஆராய்ந்த வகுப்பறைகளில் சாதி இல்லை. நம்முடையதில் இருக்கிறது. ஓரத்தில் யார் உட்காருகிறார்கள் என்ற கேள்வியை நாம் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

இன்று எந்த ஆசிரியரும் வாய்திறந்து "சேரிப் பிள்ளைங்க பின்னால போ" என்று சொல்வது அரிது. சொல்லத் தேவையில்லை. நன்றாகப் படிக்கிறவர்கள் முன்னால் என்பார்கள். யார் நன்றாகப் படிக்கிறார்கள்? ட்யூஷன் போகிறவர்கள், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறவர்கள். சீக்கிரம் வந்தவர்கள் முன்னால் என்பார்கள். யார் தாமதமாக வருகிறார்கள்? அம்மா விடியலில் நாற்று நடப் போய்விட, தண்ணீர் பிடித்து வைத்து, தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடிவருகிற பெண் பிள்ளை. ஒவ்வொரு விதியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். எல்லாம் சேர்ந்து கடைசியில் ஊர் முன்னாலும் சேரி பின்னாலும் உட்கார்ந்திருக்கும்.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் தனியாக மூலையில், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கின் மீது உட்கார்ந்து படித்தார். பள்ளியைச் சுத்தம் செய்கிற பணியாளர் அந்தச் சாக்கைத் தொடமாட்டார். ஆகவே தினமும் சாக்கை வீட்டுக்குத் தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். தண்ணீரைப் பியூன் ஊற்றினால்தான் குடிக்கலாம். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. நம் மண்ணில் தாத்தா ரெட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த காலத்தில், சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சக மாணவர்களோடு சேராமல் ஒதுங்கியே இருந்ததைத் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

சாக்கு போய்விட்டது. தூரம் போகவில்லை. அன்று சாக்கைத் தொடாத கைகளுக்கும் இன்று கடைசி பெஞ்சின் நோட்டைத் தொடாத கைகளுக்கும் என்ன உறவு என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். நாங்கள் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. கேட்கச் சொல்கிறோம்.

அரசுக்கும் இது தெரியாதது அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. உட்காரும் இடத்துக்கும் வெட்டரிவாளுக்கும் தொடர்பு உண்டு என்பதை அந்தக் குழு புரிந்துகொண்டிருந்தது.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறோம். அதே ஆண்டு ஜூலையில், கடைசி பெஞ்சே இல்லாமல் வகுப்பறையை 'ப' வடிவத்தில் மாற்றலாம் என்ற பேச்சு வந்தது. 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்துக் கேரளப் பள்ளிகள் தொடங்கிவைத்தது. உடனே இங்கே கழுத்து வலிக்கும், கண் கெடும், இடம் போதாது என்று விவாதம். மருத்துவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வோம். ஆனால் இத்தனை வருடம் கடைசியில் உட்கார்ந்து கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்கிய பிள்ளைக்காக இவ்வளவு கவலை எப்போதாவது எழுந்ததா?

பெஞ்சை 'ப' போலப் போடுங்கள், வட்டமாகப் போடுங்கள், அகரவரிசையில் போடுங்கள். ஆசிரியர் மேசையை விட்டு எழவில்லை என்றால் மேசைக்கு அருகில் ஒரு ஊர் மறுபடி உருவாகும், தள்ளி ஒரு சேரியும் உருவாகும். இட ஏற்பாட்டுக்குச் சுற்றறிக்கை போதும், செலவு கூட ஆகலாம். நடப்பதற்குக் காசு வேண்டாம்.

எப்படி நடப்பது என்பதும் முக்கியம். கையில் பிரம்போடு வருகிற நடை நமக்கு வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. எங்கள் பிள்ளைகளில் சிலர் சார் பக்கத்தில் வந்தாலே தோளைச் சுருக்குகிறார்கள். அவர்கள் அறிந்த நெருக்கம் அடிதான். அந்தப் பயம் போகிற மாதிரி வாருங்கள். குனிந்து நோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பின்சுவரில் சாய்ந்து நின்று பத்து நிமிடம் பாடம் நடத்துங்கள். அன்றைக்கு முன்பெஞ்சு திரும்பிப் பார்க்கட்டும். கேள்வியை அங்கிருந்து தொடங்குங்கள்.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. 2007-08இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தபோது ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். கரும்பலகை பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறங்கியது. அந்த முறையில் குறைகள் இருந்தன, விமர்சனம் இருந்தது. ஆனால் ஆசிரியரின் உடல் பிள்ளையின் பக்கத்தில் இருக்க முடியும் என்று அரசுப் பள்ளிதான் காட்டியது.

ஆசிரியர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். "ஒருத்தரே ரெண்டு வகுப்பைப் பார்க்கிறோம், ஆன்லைன் பதிவேற்றம் வேற, எங்கே நடக்கிறது?" என்கிறார்கள். நியாயம். தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்று சட்டம் சொல்கிறது. கல்வராயன் மலையில் ஆனாலும் சமவெளியில் ஆனாலும் காலிப் பணியிடத்தை நிரப்பு என்று அவர்களோடு சேர்ந்து நாமும் தெருவுக்கு வருவோம். மூட்டு வலியோடு நாள் முழுக்க நிற்கிற டீச்சரையும் மாற்றுத்திறனாளி ஆசிரியரையும் ஓடச் சொல்லவில்லை. நாற்காலியைப் பின்னால் போட்டு உட்காரலாம், பிள்ளைகளைச் சுழற்சியில் இடம் மாற்றலாம். ஆனால் பதினைந்து பேர் இருக்கிற வகுப்பிலும் பின்னால் போகாத கால்களுக்கு ஆள் பற்றாக்குறை காரணம் ஆகாது.

ஒன்றை நமக்குள்ளும் சொல்லிக்கொள்வோம். நம் தெருவிலிருந்து போய் ஆசிரியரானவர்களும் மேசையை விட்டு நகராமல் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். பின்னால் போனால் "அவங்க ஆளுங்கன்னு பாசம்" என்று ஸ்டாஃப் ரூமில் பேசுவார்களே என்ற கூச்சம். தோழர்களே, அந்தக் கூச்சமும் சாதி கொடுத்ததுதான். உதறிவிட்டு நடங்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து அந்தத் தாளைக் கொடுங்கள். சிவப்புக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெற்றோரை அழைத்துக்கொண்டு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அதில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்குத்தான். பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டுத் தாள்களை மேசையில் வையுங்கள். சண்டை போட வேண்டாம், கோட்டைக் காட்டினால் போதும். பி.எட். படிக்கிறவர்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் போகிற முதல் நாளே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து கரும்பலகை எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையின் தாளைப் படிப்பகச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம். சிவப்புக் கோடு அவள் கட்டத்தைத் தொடுகிற நாளில் எடுத்துவிடுவோம்.

ஜெய்பீம்.