பழைய குழித்தட்டு: செலவு மிச்சமா, நோய்க்கு வாசலா?

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. நாடு முழுவதும் 2022 ஜூலை 1-ல் தடை வந்தது. உறிஞ்சுகுழல், டம்ளர், கரண்டி, சாப்பாட்டுத் தட்டு என்று அந்தப் பட்டியல்கள் போகின்றன. காய்கறி நாற்று விடும் குழித்தட்டும் செடித்தொட்டியும் அவற்றில் இல்லை. தமிழக அரசின் தடை ஆணையில், அரசுத் துறைகளின் உத்தரவின்பேரில் வன, தோட்டக்கலை நாற்றங்கால்களுக்கு வாங்கும் பிளாஸ்டிக் பைகளுக்கும் விலக்கு தரப்பட்டது.

விவசாயத்துக்கு இது தேவையான விலக்குதான். தக்காளி, மிளகாய், கத்தரி, கோஸ் என்று வீரிய ஒட்டு ரகங்கள் வந்தபிறகு, விலை கூடிய விதையைப் பாத்தியில் தூவி வீணாக்க யாரும் தயாராக இல்லை. ஒரு குழிக்கு ஒரு விதை என்பதே இன்றைய கணக்கு. ஆனால் தட்டுக்குத் தடை இல்லை என்பதால், நாற்றுப் பிடுங்கிய பிறகு அது என்ன ஆகிறது என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை.

தட்டு கடைசியில் எங்கே போகிறது?

2016-ல் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் நகரங்களோடு கிராம ஊராட்சிகளுக்கும் பொருந்தும். பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதைத் தடுக்க வேண்டிய பொறுப்பு உள்ளாட்சிக்கு உண்டு. தயாரிப்பாளரே கழிவைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல், பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக்கை மையமாக வைத்தது. குழித்தட்டு பொட்டலம் அல்ல. மண்ணும் வேரும் ஒட்டிய மெல்லிய தட்டைப் பழைய இரும்புக் கடைக்காரரும் விரும்பி எடுப்பதில்லை.

அதனால் தட்டு வரப்போரத்தில் கிடக்கிறது, அல்லது சருகோடு சேர்த்து எரிக்கப்படுகிறது. பி.வி.சி. கலந்த தட்டை எரித்தால் டயாக்ஸின் போன்ற நச்சுப் பொருட்கள் புகையோடு வெளியேறும். ஆக, மறுபடி பயன்படுத்துவதே நல்ல வழி. பல நாற்றுப்பண்ணைகள் தட்டைத் திருப்பித் தரச் சொல்வதும் இதனால்தான்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஓர் ஊர்த் தோட்டத்தில் இருந்து பண்ணைக்குத் திரும்பும் தட்டு, அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போகிறது. கழுவாமல் போனால் மண்ணோடு நோயும் சேர்ந்து போகும்.

மிச்சமாகும் பணமும் போகும் பணமும்

ஏக்கருக்கு 8,000 தக்காளி நாற்று தேவை என்று வைத்துக்கொள்வோம். 98 குழித் தட்டு என்றால் 82 தட்டுகள் வேண்டும். தட்டு ஒன்று 20 ரூபாய் என்றால் 1,640 ரூபாய். பழைய தட்டை எடுத்தால் இந்தத் தொகை மிச்சம்.

நாற்று ஒன்று 1 ரூபாய் என்றால் ஒரு தட்டு நாற்றின் மதிப்பு 98 ரூபாய். நாற்றழுகல் வந்து ஐந்தில் ஒன்று சாய்ந்தாலே 20 ரூபாய் போயிற்று. அதாவது, புதுத் தட்டின் விலை முழுவதும் போய்விட்டது. மறுபடி விதைக்க ஆகும் நாளும், தள்ளிப்போகும் அறுவடையும் இந்தக் கணக்கில் இல்லை. கழுவாத பழைய தட்டால் செலவு மிச்சமாகாது.

தட்டில் எது தங்கும், எது தங்காது?

நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூசணங்கள் குழியின் அடியில் ஒட்டிய நார்க்கழிவிலும் வேர்த் துணுக்கிலும் தங்கியிருக்கும். வாடல் நோய்க் கிருமியும், வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டையும் மண்ணோடு வரலாம். புகையிலை தேமல் வைரஸ் காய்ந்த செடித் துணுக்கிலும் நீண்ட நாள் உயிர்ப்போடு இருக்கும். அது கை பட்டாலே பரவும். பீடி, புகையிலை தொட்ட கையோடு நாற்றைத் தொடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

தக்காளி இலைச்சுருள் நோய் வேறு. அது வெள்ளை ஈயால் பரவுகிறது. அதற்கு நாற்றங்காலைச் சுற்றி வலை கட்டுவதுதான் தீர்வு; தட்டைக் கழுவுவதால் அது நிற்காது.

கழுவும் முறை

பலர் தட்டை நேராக மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துவிடுகிறார்கள். அதில் பயன் குறைவு. பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின், மண்ணையும் நார்க்கழிவையும் தொட்டதும் வீரியம் இழந்துவிடும். முதலில் அழுக்குப் போக வேண்டும், பிறகுதான் மருந்து.

1. நாற்று எடுத்த அன்றே தட்டைத் தட்டி நார்க்கழிவை உதிர்த்துவிடுங்கள். காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். உதிர்ந்ததை மறுபடி குழியில் நிரப்ப வேண்டாம். நோய் வந்த தட்டின் கழிவை நாற்றங்காலுக்கு எட்டத்தில் புதையுங்கள்.

2. சோப்புத் தண்ணீரில் சற்று நேரம் ஊறவைத்து, தூரிகையால் ஒவ்வொரு குழியையும் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அடித்துவாரம் அடைத்திருந்தால் குத்தி எடுங்கள். கழுவிய தண்ணீர் பாசன வாய்க்காலில் கலக்கக் கூடாது.

3. பிளாஸ்டிக் தொட்டியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிடுங்கள். தெளிந்த நீரை மட்டும் இறுத்து, அதில் தட்டுகளை அரை மணி நேரம் முழுவதும் மூழ்கவிடுங்கள். பிரித்து வெகுநாளான பவுடரில் வீரியம் இருக்காது. கரைசலை அன்றன்றே கரைத்துக்கொள்ளுங்கள்; கலங்கினால் மாற்றிவிடுங்கள்.

4. நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிழலில் காயவைத்து, மண் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் தட்டு நொறுங்கும். கொதிநீர் ஊற்றினால் மெல்லிய தட்டு வளைந்துவிடும்.

கடைசி அலசலை விட்டுவிடக் கூடாது. ட்ரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் கலந்த நார்க்கழிவை நிரப்பும்போது, தட்டில் மிஞ்சிய குளோரின் அந்த நன்மை செய்யும் உயிரிகளையும் கொன்றுவிடும்.

செடித்தொட்டிக்கும் இதே முறைதான். ஓரத்தில் படிந்த வெள்ளை உப்பைத் தேய்த்து எடுத்த பிறகு மருந்தில் போடுங்கள்.

கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட், வினிகர், யூரியா, அம்மோனியா எதையும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

எந்தத் தட்டை மறுபடி எடுக்கக் கூடாது?

விரிசல் விட்ட தட்டில் மண் ஒளிந்துகொள்ளும், அதைக் கழித்துவிடுங்கள். தேமல் வைரஸ், பாக்டீரியா வாடல், வேர்முடிச்சு கண்ட நாற்றுகள் இருந்த தட்டையும் நாற்றுக்கு மறுபடி எடுக்க வேண்டாம். இருபது ரூபாய்த் தட்டுக்காக வயலில் வாடல் நோயை ஏற்றிக்கொண்டால், அது மண்ணில் பல ஆண்டுகள் நிற்கும்.

நாற்று சாயத் தொடங்கிய பிறகு காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து ஊற்றினால் பரவுவதைக் கட்டுப்படுத்தலாம். சாய்ந்த நாற்று எழாது. கழுவும் வேலைக்கு அது மாற்று ஆகாது.

நாற்று வாங்குவோர் கேட்க வேண்டியது

விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நாற்று விற்கும் பண்ணைக்கு உரிமம் வேண்டும். வாங்கும்போது பில் கேட்டு வாங்க வேண்டும். ரகத்தையும் விதைத்த நாளையும் கேட்கிற நாம், தட்டு கழுவியதா என்று கேட்பதில்லை. இனி கேளுங்கள். நாற்றைத் தூக்கி, குழியின் ஓரத்தில் பழைய மண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் திருப்பித் தரும் தட்டில் நோய் வந்திருந்தால், அதைத் தனியாகக் கட்டி, சொல்லிக் கொடுங்கள்.

சிறு விவசாயி தனியாக 82 தட்டைத் தேய்ப்பது ஒரு நாள் வேலை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ ஊர்க் குழுவோ பொதுவாக ஒரு கழுவும் தொட்டி வைத்தால் கூலியும் மருந்தும் குறையும். உடைந்த தட்டுகளை ஓரிடத்தில் சேர்த்து, கழுவி, மொத்தமாகக் கொடுத்தால் பழைய சாமான் வியாபாரியும் எடுக்க முன்வருவார்.

ஆடிப்பட்டத்துக்கு நாற்று விடுகிறவர்களுக்குச் சித்திரை, வைகாசியே இந்த வேலைக்கு ஏற்ற காலம். நார்க்கழிவு வாங்கக் கிளம்பும் முன், வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் தட்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.