பழவேற்காட்டுக்குத் திரும்பாத ஆய்வுகள்

பழவேற்காட்டுக்கு ஆய்வுக் கண்ணோடு வந்த வெளிநாட்டவர் வரிசையை 1630களிலிருந்தே தொடங்கலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. அங்கே சமய குருவாக வந்த ஆபிரகாம் ரோஜேரியஸ் சுமார் பத்தாண்டுகள் தங்கினார். பத்மநாபன் என்ற பிராமணர் போர்த்துகீசிய மொழியில் அவருக்கு இவ்வூர் மக்களின் வழிபாடு, சடங்கு, நம்பிக்கைகளை எடுத்துச் சொன்னார்; சமஸ்கிருதக் கவி பர்த்ருஹரியின் செய்யுள்களுக்குப் பொருளும் சொன்னார். அவையெல்லாம் டச்சு மொழியில் நூலாகி 1651இல் லெய்டன் நகரில் அச்சேறின. பர்த்ருஹரி ஐரோப்பிய மொழிக்குப் போனது அதுவே முதல் முறை. பிறகு ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் அந்நூல் வந்தது. பழவேற்காட்டில் சொல்லப்பட்டது ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்டது. சொன்ன ஊருக்கு அது திரும்பி வரவில்லை.

அதே லெய்டன் இன்று ஆசியவியலின் பெரிய மையங்களில் ஒன்று. 1993இல் அங்கே தொடங்கப்பட்ட ஆசிய ஆய்வுகளுக்கான பன்னாட்டு நிறுவனம், பல நாட்டு அறிஞர்களை வருகைதரு ஆய்வாளர்களாக அழைக்கிறது. சில மாதத் தங்கல், உதவித்தொகை, நூலகம், கருத்தரங்கில் ஓர் உரை, கடைசியில் ஒரு கட்டுரையோ நூலோ. உலகின் ஆசியவியல் மையங்கள் பெரும்பாலும் இந்த முறையில்தான் இயங்குகின்றன. இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். டச்சு ஆவணங்களில் மூழ்கிய தபன் ராய்சவுத்ரியின் சோழமண்டலக் கடற்கரை பற்றிய நூல் (1962), யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம் இக்கடற்கரை வணிகர்களைப் பற்றி எழுதிய நூல் (1986) போன்றவை இல்லாவிட்டால், பழவேற்காட்டுத் துணி தென்கிழக்கு ஆசியச் சந்தைகளை ஆண்டதையும், பஞ்ச காலங்களில் நம் மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு பட்டாவியாவுக்குப் போனதையும் நாம் இவ்வளவு தெளிவாக அறிந்திருக்க மாட்டோம். ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்த்து வளரும் உள்ளூர்ப் பிள்ளைக்கு இந்த வரலாற்றில் தமிழில் எளிதாகக் கிடைப்பது சொற்பம்.

வரலாறாவது பழைய கதை. பழவேற்காடு ஏரி பற்றிய ஆய்வு இன்றைய பிழைப்போடு சம்பந்தப்பட்டது.

சென்னை கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் சஞ்சீவ ராஜ் பல பத்தாண்டுகள் இந்த ஏரியின் உயிரினங்களை ஆராய்ந்தார். 1991இல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு இங்குள்ள ‘பாடு’ முறையைப் பற்றி செபாஸ்டியன் மேத்யூ எழுதிய ஆய்வை வெளியிட்டது. 2008இல் சாரா கோல்தார்ட் என்ற ஆய்வாளர், மாறிவரும் ஏரியில் மீனவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதை ஒரு சர்வதேச இதழில் எழுதினார். பாடு என்றால் என்ன? இறால், நீரோட்டத்தோடு முகத்துவாரம் நோக்கி ஓடும். வலை கட்டத் தோதான இடங்கள் குறைவு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் விழாது. அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் உள்ளிட்ட ஊர்கள் முறை வைத்துக்கொண்டு இறங்குகின்றன. ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டு சொல்லும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரலாம். போலீஸும் கோர்ட்டும் இல்லாமல் பொதுச் சொத்தைப் பங்கிடும் இந்த ஏற்பாட்டை உலகப் பல்கலைக்கழகங்கள் வியந்து பேசுவதில் ஆச்சரியமில்லை.

அந்த வியப்பு எழுத்தில் இருக்கிறது. எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. ஏரிக்குத் தெற்கே நடப்பதையும் பார்க்க வேண்டும். 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அடுத்து காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. அதை 330 ஏக்கரிலிருந்து ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியில் நடக்கவிருந்த பொதுக் கருத்துக்கேட்பு தள்ளிவைக்கப்பட்டது. முகத்துவாரம் தூர்ந்துபோகும், கரை அரிக்கும் என்று மீனவர்கள் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட கூட்டங்களில் மைக்கைப் பிடித்துப் பேசுவதைவிட மேசையில் வைக்கும் காகிதத்துக்கு மதிப்பு அதிகம். வரைபடத்தில் இல்லாத நீர்நிலை, அதிகாரியின் மேசையில் இல்லாத நீர்நிலைதான். எண்ணூர்க் கழிமுகத்தையே காட்டாத கடற்கரை மண்டல வரைபடம் ஒன்று 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தபோது வடசென்னை மீனவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். தங்கள் பாடு உள்ள நீர்ப்பரப்பு எது, எந்தப் பருவத்தில் எங்கே வலை விழும் என்பதற்கான சான்றுகள் உலக நூலகங்களில் கிடக்க, உரியவர்கள் வாய்மொழியை மட்டும் நம்பி நிற்பது பெரிய அநியாயம்.

ஆய்வாளர்கள் கெட்டவர்கள் என்பதல்ல என் வாதம். அவர்கள் ஊர்மக்களிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி சேர்ந்தால் போதும்: எந்த மொழியில், எத்தனை மாதத்துக்குள், ஊரில் யாரிடம் இந்த முடிவுகள் ஒப்படைக்கப்படும் என்று. படகு ஓட்டியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் நாள்கூலியும், நூலின் முன்பக்கத்தில் ஒரு நன்றியும் கொடுப்பதோடு கணக்கு முடிந்துவிடக் கூடாது.

இன்னொரு படி மேலே போகவும் வழி இருக்கிறது. லெய்டன் நிறுவனம் முன்னின்று நடத்தும் ஆசிய அறிஞர்கள் மாநாடு 2024இல் இந்தோனேசியாவின் சுரபாயாவில் நடந்தபோது, மாநாடும் திருவிழாவும் சேர்ந்ததாக அமைந்து, ஊர்மக்களையும் கலைஞர்களையும் உள்ளே இழுத்தது. நம்மிடமும் வருகைதரு ஆய்வாளர்கள் வந்துபோகும் நிறுவனங்கள் உண்டு: 1955 முதல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், 1971 முதல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். சென்னையிலிருந்து பழவேற்காடு சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கைத் தமிழில் இங்கே நடத்தலாம். நாள் குறிக்கும் முன் ஊரைக் கேட்க வேண்டும். மழைக்காலத்தில் இறால் ஓடும் நாட்களில் யாரும் நாற்காலியில் உட்கார மாட்டார்கள். கூடவே, பட்டம் இல்லாவிட்டாலும் ஏரியை அறிந்தவர்களை உதவித்தொகையோடு ஆய்வாளர்களாக நியமிக்க வேண்டும்.

யாரை நியமிப்பது என்பதில்தான் சிக்கல். பாடு முறையை அழகு பார்ப்பவர்கள் சுலபமாக மறப்பது, அதற்கு வெளியே நிற்பவர்களை. உரிமை, பட்டினவர் என்ற மீனவச் சாதிக் குடும்பங்களின் ஆண் தலைக்கட்டு வழியே போகிறது. ஏரியை நம்பி வாழும் தலித் மீனவர்கள் பங்கு கேட்டு நெடுநாளாகப் போராடுகிறார்கள். இருளர்கள் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப் பறிக்குள் போட்டுக்கொண்டே நகர்வார்கள். வலையும் இல்லை, பாடும் இல்லை. ஆனால் ஏரியின் தரை எங்கே மாறியது என்பது அவர்கள் விரல்களுக்குத்தான் முதலில் தெரியும். மீனை விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கும் ஊர்க் கூட்டத்தில் இடம் குறைவு. பஞ்சாயத்துத் தலைவரை மட்டும் மேடையேற்றினால் ஆய்வு அவருக்கு நற்சான்றிதழாகிவிடும். முதல் நியமனம் ஓர் இருளப் பெண்ணுக்குப் போகட்டும் என்பேன். பாடு உள்ள ஊர்களின் பெரியவர் ஒருவர் அவரோடு ஒரே மேசையில் உட்காரட்டும். வாக்குவாதம் வந்தால் அதுவும் பதிவாகட்டும்.

பழைய வரலாற்றை ஊருக்குத் திருப்பவும் வழி உண்டு. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் டச்சு ஆவணங்கள் இருக்கின்றன. ஆசிய மாணவர்களுக்கு டச்சு கற்பித்து வரலாற்றாளர்களாக்கும் பணியை லெய்டன் 2000களில் செய்தது. இவ்வட்டாரப் பிள்ளை ஒருவருக்கு அப்படியொரு வாய்ப்பு தர எந்தத் தடையும் இல்லை. அதற்குக் காலமாகும். அதற்குள் 1991 ஆய்வறிக்கையைத் தமிழாக்கி, பாடு உள்ள ஊர்களுக்கும் பாடு இல்லாத ஊர்களுக்கும் கொடுத்துவிடலாம். வருகைதரு ஆய்வாளர் ஒருவரின் ஒரு மாத உதவித்தொகை அதற்குப் போதும்.