கேமராவுக்கு முன்னால் தாழ்ப்பாள்

திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையில் போகிறவர்களுக்குக் கொட்டாம்பட்டி கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும் ஊர். திருடனுக்கும் அதுதான் வசதி. இங்கே கைவைத்துவிட்டுச் சாலை ஏறினால் சீக்கிரமே துவரங்குறிச்சி, மாவட்டமே மாறிவிடும். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் வயதான அப்பா அம்மா மட்டும் என்றால் வாசலில் கேமரா வேண்டும் என்று தோன்றுவது நியாயமே. நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேமரா சாட்சிதான் சொல்லும்; குறுக்கே வந்து நிற்காது. விவரம் தெரிந்த திருடன் போகும்போது, கேமரா பதிவுகள் இருக்கும் டிவிஆர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போகிறான். அதை டிவிக்குப் பக்கத்திலேயே வைத்தால் வேறென்ன செய்வான்? உள்ளறையில், பூட்டிய அலமாரியில் வையுங்கள். கரண்ட் போனால் கேமராவின் கண்ணும் போகும், யுபிஎஸ் அவசியம். மாட்டியவர் போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டு வழியாகத்தான்.

கேமரா உங்கள் வாசலைப் பார்க்கட்டும், பக்கத்து வீட்டுக் கொல்லையை அல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அடுத்த வீட்டு அக்காவுக்கும் சேர்த்துத்தான். ஆயிரக்கணக்கில் செலவழிக்குமுன் பின்கதவுத் தாழ்ப்பாளை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும்போது எதிர்வீட்டிலும் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.